ஒரே கதவு எண், ஆயிரம் ஒண்டுக்குடித்தனம்

பழைய தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய வீடு, நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டோ பத்தோ குடித்தனம். வாசலில் கதவு எண் ஒன்றுதான். வருகிற கடிதம் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குத்தான் வரும். எது எந்தப் போர்ஷனுக்கு என்று பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பாடு.

இன்று நம் கைப்பேசியில் ஓடுகிற இணையமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒண்டுக்குடித்தனம்தான். நமக்கென்று தனியாக ஒரு ஐ.பி.வி.4 முகவரி கிடையாது. ஒரு முகவரிக்குப் பின்னால் பத்துப் பேரோ நூறு பேரோ இருக்கிறோம். வெறுமனே ஒரு பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு மூடினால் இது தெரியவே தெரியாது. ஒரு இணைப்பை மணிக்கணக்கில் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்றால்தான் தகராறு ஆரம்பிக்கும்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று தேடிப் படித்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் படிப்பது பி.காம்., கணினித் துறை இல்லை. ஆனால் இது பற்றாக்குறை, பங்கீடு, பேரேடு மூன்றும் சேர்ந்த கதை. அதனால் நமக்கும் பேச உரிமை உண்டு :-)

429 கோடி போதும் என்று நினைத்த காலம்

1981 செப்டம்பரில் ஐ.பி. முகவரிக்கான விதிமுறை வெளியானது. இன்று ஐ.பி.வி.4 என்று சொல்கிறோமே, அதுதான். முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். சில நூறு கணினிகள் மட்டுமே இணைந்திருந்த காலத்தில் இது கடல் மாதிரி தெரிந்திருக்கும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே ஒரு கல்வி நிறுவனத்திடம் மட்டும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன. (2017-ல் அதில் ஒரு பகுதியை அது விற்றது.)

இந்தியா முழுவதற்கும் இருப்பது சுமார் 4 கோடி. 140 கோடிப் பேருக்கு 4 கோடி என்றால் 35 பேருக்கு ஒன்று. அதிலும் வங்கி, அரசு அலுவலகம், டேட்டா சென்டர் எல்லாம் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நம்மைப் போன்ற சாதாரண வாடிக்கையாளர்களுக்கு. முன்னால் வந்தவன் முழுப் பந்தியில் சாப்பிட்டான், பின்னால் வந்தவன் பங்கு போட்டுக்கொள்கிறான். கதையின் பொருளாதாரம் இவ்வளவுதான்.

இந்தியாவில் முதல் ஒண்டுக்குடித்தனம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னையும் ஆரம்ப நகரங்களில் ஒன்று. அப்போது இரண்டு வகைக் கணக்குகள் இருந்தன. விலை அதிகமானது டி.சி.பி./ஐ.பி. கணக்கு. அதில் உங்கள் கணினியே நேரடியாக இணையத்தில் சேரும், படங்களும் தெரியும். மாணவர்களுக்கெல்லாம் கிடைத்தது ஷெல் கணக்கு. மோடம் வழியாக வி.எஸ்.என்.எல். கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்தபடியே எழுத்துகளை மட்டும் பார்க்கலாம். வெளி உலகத்துக்குத் தெரிவது உங்கள் கணினி அல்ல, வி.எஸ்.என்.எல்.லின் கணினி. ஒரே முகவரிக்குப் பின்னால் பலர் என்ற ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இங்கே இருந்திருக்கிறது, அதுவும் காசு குறைவாகக் கொடுத்தவர்களுக்கு!

இதற்கு ஒரு வருடம் முன்பே, 1994 மே மாதத்தில், எகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனையை எழுதி வெளியிட்டிருந்தார்கள். அதன் பெயர் 'நாட்', அதாவது முகவரி மாற்றம். அலுவலகத்துக்குள்ளே இருக்கிற கணினிகளுக்கு உள் முகவரி. வெளியே போகும்போது வாசலில் இருக்கிற பெட்டி அதைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பும். முகவரிப் பஞ்சத்துக்கு இது ஒரு தற்காலிக ஏற்பாடுதான் என்று அவர்களே அதில் எழுதியிருந்தார்கள். முப்பது வருடம் தாண்டிவிட்டது. நம்ம ஊர் தற்காலிகப் பேருந்து நிலையம் மாதிரிதான் :-)

1996-ல் 10-லும் 192.168-லும் தொடங்கும் முகவரிகளை உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கி உறுதி செய்தார்கள். 2000-க்குப் பிறகு ஊருக்கு ஊர் முளைத்த பிரவுசிங் சென்டர்கள் இதை நம்பித்தான் பிழைத்தன. ஒரு போன் லைன், ஒரு மோடம், பத்துக் கணினி. மணிக்கு இவ்வளவு என்று காசு.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் 'டேட்டாஒன்' பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. வேகம் 256 கேபிபிஎஸ். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்ற திட்டத்துக்காக அலாரம் வைத்து எழுந்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. அந்தக் காலத்தில் ஒண்டுக்குடித்தனம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அப்பா கணினியும் அண்ணன் கணினியும் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். பிரித்துக் கொடுக்கிற பெட்டி நம் வீட்டு மேஜை மேல் இருந்தது. கோளாறு என்றால் அணைத்துப் போடலாம், அமைப்பை மாற்றலாம். பேரேடு நம் கையில் இருந்தது.

கையிருப்பு தீர்ந்த நாள்

2011 பிப்ரவரி 3 அன்று உலகத் தொகுப்பில் இருந்த கடைசி ஐந்து முகவரிக் கட்டுகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் வட்டாரத்துக்கான பதிவகம் ஏப்னிக். அதே ஏப்ரலில் அதுவும் ரேஷன் முறைக்கு வந்துவிட்டது. ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரி என்று நிர்ணயித்தார்கள். கோடிக்கணக்கில் புது வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த இந்திய மொபைல் நிறுவனங்களுக்கு 1,024 எந்த மூலைக்கு?

அந்த வருடம்தான் முகவரிக்கு விலையும் வந்தது. திவாலான நார்ட்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்று 11.25 டாலர். 2024 பிப்ரவரி முதல் அமேசானின் கிளவுட் சேவை ஒரு பொது முகவரிக்கு மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 44 டாலர். இலவசமாக அள்ளிக் கொடுத்த சரக்கு இப்போது மணிக்கணக்கில் வாடகைக்குப் போகிறது.

சேவை நிறுவனங்கள் என்ன செய்தன? வீட்டுக்குள் இருந்த அந்தப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியையே பெரிதாக்கித் தங்கள் இடத்தில் வைத்தன. இதற்குப் பெயர் 'கேரியர் கிரேட் நாட்', சுருக்கமாக சி.ஜி.நாட். 2012 ஏப்ரலில் இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை ஒரு தனி முகவரி வரிசையையும் ஒதுக்கினார்கள். ஒரு பொது முகவரியில் சுமார் 65,000 'போர்ட்' எண்கள் உண்டு. ஆளுக்கு ஆயிரம் எண் என்று பிரித்தால் ஒரு முகவரியில் அறுபதுக்கும் மேற்பட்ட குடித்தனங்களை வைக்கலாம். இன்னும் நெருக்கினால் இன்னும் அதிகம்.

இப்போது பேரேடு நம் மேஜையில் இல்லை. கண்காணாத ஒரு கட்டடத்தில் இருக்கிறது.

அதே நேரத்தில் வலைப்பக்கம் எங்கே போய்க்கொண்டிருந்தது?

இதற்கு இணையாக இன்னொரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பகால வலையில் ஒரு படத்துக்கு ஒரு இணைப்பு. திற, வாங்கு, மூடு. பக்கத்தில் இருபது படம் இருந்தால் இருபது முறை இப்படி. இது வீண் வேலை என்று 1997 ஜனவரியில் வந்த எச்.டி.டி.பி. 1.1, ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதையே வழக்கமாக்கியது.

2006-ல் ஜிமெயிலுக்குள்ளேயே அரட்டைப் பெட்டி வந்தது. நீங்கள் ஒன்றும் சொடுக்காமலே எதிர்முனையிலிருந்து செய்தி வந்து விழும். இதற்கு உலாவி ஒரு கேள்வியை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகத் திறந்த இணைப்போடு காத்துக்கொண்டிருக்க வேண்டும். 2011 டிசம்பரில் 'வெப்சாக்கெட்' என்ற முறையான வழி வந்தது. இன்று பங்குச் சந்தை விலை ஓடும் திரை, அரட்டை, நேரடி ஸ்கோர் என்று பலவும் இப்படித் திறந்தே இருக்கும் இணைப்புகளில்தான் ஓடுகின்றன. கைப்பேசிக்கு வரும் அறிவிப்புகளும் பின்னணியில் இப்படி ஒரு இணைப்பு திறந்திருப்பதால்தான் வருகின்றன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலைத்தளங்கள் இணைப்பை நீண்ட நேரம் திறந்து வைக்கக் கற்றுக்கொண்ட அதே வருடங்களில், சேவை நிறுவனங்கள் ஒவ்வொரு இணைப்பையும் எவ்வளவு சீக்கிரம் கழித்துக் கட்டலாம் என்று யோசிக்க வேண்டிய நிலைக்கு வந்தன. ஒரே காலத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடிய இந்த இரண்டு வரலாறும் மோதிக்கொள்கிற இடம்தான் நம் பிரச்சினை.

பேரேட்டில் ஒரு வரி

நீங்கள் ஒரு தளத்துடன் இணையும்போது அந்தப் பெரிய பெட்டி தன் பேரேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. 'இந்த உள் முகவரிக்காரர், இந்தப் போர்ட் எண் வழியாக, இந்தத் தளத்துடன் பேசுகிறார்.' தளத்திலிருந்து பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்துத்தான் உங்களிடம் சேர்க்கிறது.

ஆனால் பேரேட்டில் இடம் குறைவு, போர்ட் எண்களும் குறைவு. அதனால் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லாத வரியை அடித்துவிடும். வங்கியில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்குவார்களே, அதே தர்க்கம்தான். வித்தியாசம் என்னவென்றால், வங்கி உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி பெரும்பாலும் சொல்லாது.

சொல்லாததுதான் பெரிய வினை. உங்கள் கைப்பேசி இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைக்கிறது. அந்தப் பக்கம் சர்வரும் அப்படியே நினைக்கிறது. நடுவில் வரி அடிக்கப்பட்டுவிட்டது. சர்வர் ஒரு செய்தி அனுப்புகிறது. பெட்டி பேரேட்டைப் பார்க்கிறது, அப்படி யாரும் இல்லை, செய்தியைக் கீழே போட்டுவிடுகிறது. பங்கு விலைத் திரையில் எண் அசையவில்லை என்றால் சந்தை அமைதியாக இருக்கிறது என்றுதானே நினைப்போம்? இணைப்பு செத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம்.

எங்கள் தளவானூர் குடைவரையில் மகேந்திரவர்மன் வெட்டிய கல்வெட்டு 1,400 வருடமாக நிற்கிறது. இந்தப் பேரேட்டில் ஒரு வரி சில நிமிடம்கூட நிற்பதில்லை!

விதி இல்லாமல் இல்லை. டி.சி.பி. இணைப்பு இன்னும் இருக்கிறதா என்று கணினி தானாகச் சரிபார்க்கும் இடைவெளி, வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்று 1989-லேயே எழுதினார்கள். அதை வைத்து 2008-ல், நாட் பெட்டிகள் நிலைபெற்ற டி.சி.பி. இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அடிக்கக்கூடாது என்று சொன்னார்கள். அந்த நாலு நிமிடம் சரிபார்ப்புக்கான சலுகை. ஆனால் இவை பரிந்துரைகள், சட்டம் அல்ல. 2011-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டு மொபைல் நிறுவனங்களைச் சோதித்தபோது, சில இடங்களில் பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே வரி அடிக்கப்படுவதைக் கண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் முகவரிப் பகிர்வால் வரும் சிக்கல்களை மட்டுமே பட்டியலிட்டு ஆர்.எஃப்.சி. 6269 என்ற தனி ஆவணமே வந்தது.

ஆறுதலுக்கு ஒரு தட்டு

இதற்கு மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிது. சும்மா இருந்தால்தானே அடிப்பாய்? அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டால் வரி புதுப்பிக்கப்படும். வெப்சாக்கெட்டில் இதற்குப் 'பிங்', 'பாங்' என்றே பெயர். பதிலுக்காகத் திறந்து வைக்கும் பழைய முறைக்கு 30 வினாடியே பாதுகாப்பான இடைவெளி என்று 2011-ல் ஒரு ஆவணம் சொன்னது. ஆண்ட்ராய்டு அறிவிப்புகளுக்காகத் தன் இணைப்பை 30 நிமிடமாவது விட்டுவைக்கும்படி கூகுள் தன் குறிப்புகளில் நெட்வொர்க் நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனமே 'தயவு செய்து' என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் தட்டு இலவசம் அல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் கைப்பேசியின் ரேடியோ விழிக்க வேண்டும், பேட்டரி குறையும். முகவரி வாங்காமல் சேவை நிறுவனம் மிச்சப்படுத்திய செலவில் ஒரு துளி, நம் பேட்டரியில் எழுதப்படுகிறது. காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்கள் இதை எந்தத் தலைப்பில் போடுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வரி அடிபடுவது மட்டும் அல்ல. ஒண்டுக்குடித்தனத்துக்கே உரிய வேறு தொல்லைகளும் உண்டு. ஆளுக்கு ஒதுக்கிய போர்ட் எண்கள் தீர்ந்தால் புது இணைப்பு கிடைக்காது. ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்புதான் என்று தளம் வரம்பு வைத்திருந்தால், பக்கத்துக் குடித்தனக்காரர் பயன்படுத்தியது நம் கணக்கில் ஏறும். பெட்டி நடுவில் வேறு பொது முகவரிக்கு மாற்றிவிட்டால், முகவரியை வைத்து ஆளை அடையாளம் காணும் தளம் 'மறுபடி லாகின் செய்' என்று வெளியே தள்ளும். ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே வெளி முகவரியைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2013-ல் வந்த சி.ஜி.நாட் வழிகாட்டுதல் இதற்காகத்தான் சொல்கிறது.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இணையம் என்றால் கைப்பேசி சிம்தான். உதவித்தொகை விண்ணப்பத்தை இருபது நிமிடம் நிரப்பி, சான்றிதழ் ஸ்கேன் தேடி எடுத்து வருவதற்குள் பக்கம் செத்துப்போன அனுபவம் என் நண்பர்கள் பலருக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் முகவரிப் பகிர்வுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சிக்னல், தளத்தின் சொந்த நேர வரம்பு என்று பல காரணம் இருக்கும். ஆனால் டீக்கடையில் பணம் வந்ததை அறிவிக்கும் ஸ்பீக்கர் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதற்குள்ளும் ஒரு சிம், ஒரு திறந்த இணைப்பு. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் இணைப்பு சத்தமில்லாமல் போயிருந்தால், அடுத்து வருகிறவர் கொடுத்த பணம் அறிவிக்கப்படாது. கடைக்காரர் வரவில்லை என்பார், வாடிக்கையாளர் அனுப்பிவிட்டேன் என்பார். பன்னிரண்டு ரூபாய்க்கு இரண்டு பேருக்கும் மனஸ்தாபம்.

விடிவு உண்டா?

உண்டு, பாதி வந்துவிட்டது. 1998-லேயே ஐ.பி.வி.6 எழுதப்பட்டது. அதில் 128 பிட். ஒண்டுக்குடித்தனமே தேவையில்லை, ஆளுக்கொரு தெருவே கொடுக்கலாம். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் இதற்கான தேசியத் திட்டத்தை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ ஆரம்பத்திலிருந்தே ஐ.பி.வி.6 கொடுத்தது. கடைசியாக வந்தவனுக்குப் பழைய முகவரி மிச்சமில்லை, அதனால் புதியதற்குப் போனான். இன்று ஐ.பி.வி.6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது, பாதிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் அது இருக்கிறது. ஆனால் எதிர்முனைத் தளமும் ஐ.பி.வி.6-க்கு மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் மறுபடியும் முகவரி மாற்றும் பெட்டி, மறுபடியும் பேரேடு.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2021 மே மாதம் முறைப்படுத்தப்பட்ட 'குவிக்' என்ற நெறிமுறையில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அடையாள எண் உண்டு. நடுவில் முகவரியோ போர்ட்டோ மாறினாலும் அந்த எண்ணைப் பார்த்து 'அட, பழைய ஆள்தான்' என்று சர்வர் தெரிந்துகொள்ளும். குடித்தனம் மாறினாலும் ஆளைப் பெயரால் தெரிந்துகொள்வது மாதிரி.

நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வது சுலபம். ரௌட்டர் அல்லது கைப்பேசி அமைப்பில் வெளிப்பக்க ஐ.பி.வி.4 முகவரியைப் பாருங்கள். பிறகு 'என் ஐ.பி. என்ன' என்று காட்டும் ஏதாவது தளத்தில் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, முதலாவது 10-லோ, 100.64 முதல் 100.127-க்குள்ளோ தொடங்கினால் ஒண்டுக்குடித்தனம்தான். தனி முகவரி வேண்டும் என்று கேட்டால் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குக் கொடுக்கின்றன. 1995-ல் டி.சி.பி./ஐ.பி. கணக்கு, ஷெல் கணக்கு என்று இருந்த அதே இரண்டு வகுப்பு.

மென்பொருள் எழுதப் போகும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நகரத்து அலுவலகத்தின் நல்ல லைனில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். ஒரு சாதாரண சிம்மில், கால் மணி நேரம் எதையும் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். செத்திருந்தால், நிரப்பியதைத் தொலைக்காமல் தானாகத் திரும்ப இணையும்படி எழுதுங்கள். விண்ணப்பம் போடுகிறவருக்கு நாட் என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது.